யானை நகர்த்திய பாறை

அன்புள்ள தம்பிக்கு,

கதை சுமாராக இருந்தாலும் காட்சிகள் வாயைப் பிளக்க வைத்தால் அது நல்ல படம்தானே என்று கேட்டிருக்கிறாய். ‘அவதார்’ வசூலைச் சாட்சிக்கும் அழைத்திருக்கிறாய். பிரம்மாண்டத்தால் பலவீனமான கதையை ஈடுகட்ட முடியாது என்பதுதான் என் பதில். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒரு சிக்கலைப் பிரிக்க வேண்டும். நீ ‘சுமாரான கதை’ என்று சொல்வதில் இரண்டு வகைப் படங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு வகையில் கதை எளியது, ஏற்கெனவே கேட்டது. இன்னொரு வகையில் யாருக்கு என்ன வேண்டும், அதை எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதே படம் எடுத்தவருக்குத் தெரியவில்லை. முதல் வகைக்குக் காட்சி உயிர் கொடுக்கும். இரண்டாம் வகைக்கு எத்தனை கோடி கொட்டினாலும் உதவாது.

நம் ஊர்ப் படம் ஒன்றிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். எஸ்.எஸ். வாசன் ஜெமினிக்காக எடுத்த ‘சந்திரலேகா’ 1948இல் வெளிவந்தது. அதன் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: அண்ணன் வீரசிம்மன், தம்பி சசாங்கன், இருவருக்கும் நடுவே ஓர் அரியணையும் ஒரு நாட்டியக்காரியும். பாட்டி சொல்லும் ராஜா ராணிக் கதையைவிட இதில் அதிகம் எதுவும் இல்லை. ஆனாலும் அதன் முரசு நடனத்தை இன்றுவரை பேசுகிறோம். பேசுகிறவர்கள் பெரும்பாலும் முரசுகளின் அளவையும் ஆடுபவர்களின் எண்ணிக்கையையும்தான் சொல்கிறார்கள். அந்த முரசுகளுக்குள் வீரசிம்மனின் வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். சசாங்கனை மணக்க ஒப்புக்கொண்டதாக நடித்து, சந்திரலேகாதான் அந்த நடனத்தைக் கேட்டு வாங்குகிறாள். ஆக, ஆட்டம் முழுவதும் அவளுடைய சூழ்ச்சி. நடனம் முடிந்ததும் முரசுகளிலிருந்து வீரர்கள் பாய்ந்து வருகிறார்கள். அங்கே அலங்காரத்தையும் கதையையும் பிரித்தெடுக்க வழியே இல்லை.

அதே படத்தின் சர்க்கஸ் பகுதியைப் பார். குகைக்குள் அடைபட்ட வீரசிம்மனை மீட்க, வாயிலை மூடிய பாறையை சர்க்கஸ் யானைகள் நகர்த்துகின்றன. அப்போது நாற்காலி நுனிக்கு வருகிறோம். பிறகு சர்க்கஸ் சாகசங்கள் நீண்டுகொண்டே போகின்றன. அந்தரத்தில் ஊஞ்சலாடும் கலைஞர்களின் திறமையில் குறையில்லை, படமெடுத்தவரின் செலவிலும் குறையில்லை. ஆனால் அந்த நேரத்தில் யாரும் எதையும் இழக்கப் போவதில்லை. கதை ஓரமாக நின்று காத்திருக்கிறது. இரண்டிலும் அதே தயாரிப்பாளர், அதே பணம், அதே சர்க்கஸ். ஆனால் யானையை நினைவில் வைத்துக்கொள்கிறோம், ஊஞ்சலைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். வித்தியாசம் பாறைக்குப் பின்னால் இருந்த மனிதன்.

இனி ‘அவதார்’. 2009இல் வந்தபோதே, வெளியாள் ஒருவன் பூர்வகுடிகளிடம் போய் அவர்கள் பக்கம் சேரும் கதையை ஹாலிவுட் முன்பே சொல்லியிருக்கிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளில் திரைக்கதைக்கு ஒன்றும் இல்லை. கிடைத்த மூன்று விருதுகளும் ஒளிப்பதிவு, கலை இயக்கம், காட்சி விளைவுகள் ஆகியவற்றுக்கே. உன் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லைதான். ஆனால் நாயகன் ஜேக் யாரென்று பார். கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருக்கும் முன்னாள் படைவீரன். புதிய உடலில் கண்விழித்ததும் தடுப்பவர்களைத் தள்ளிவிட்டு ஓடுகிறான், கால்விரல்களை மண்ணில் அழுத்திப் பார்க்கிறான். மோஷன் கேப்சர், முப்பரிமாணம் என்று எத்தனை தொழில்நுட்பம் இருந்தாலும், அந்தக் கணத்தில் நாம் பார்ப்பது நடக்க முடியாதவனுக்குக் கிடைத்த கால்களைத்தான். கதை பழையது என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். பழையதாக இருந்ததால் அது பலவீனமாகிவிடவில்லை. இதைக் கவனிக்காமல் முப்பரிமாணக் கண்ணாடியை மட்டும் நகலெடுத்தவர்கள் அடுத்த சில ஆண்டுகளுக்கு முப்பரிமாணப் படங்களாக வரிசைகட்டினார்கள். வீட்டுக்கே வந்த முப்பரிமாணத் தொலைக்காட்சியை 2017க்குள் பெரிய நிறுவனங்கள் கைவிட்டுவிட்டன.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 2001இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’ படத்தில் கணினியில் உருவாக்கிய மனித முகங்களின் தத்ரூபத்தை அன்று வியக்காதவர் இல்லை. நாயகியின் தலைமுடியை ஒவ்வோர் இழையாக அசைத்துக் காட்டினார்கள். அந்த முடிக்குக் கீழே இருந்த பெண்ணுக்காகக் கவலைப்பட வைக்க மட்டும் முடியவில்லை. படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை. எடுத்த ஸ்டுடியோ மூடப்பட்டது.

சினிமா பிறந்ததே கதையில்லாமல்தானே என்று நீ கேட்கலாம். உண்மைதான். லூமியேர் சகோதரர்கள் நிலையத்துக்கு ரயில் வருவதைக் காட்டினார்கள், கூட்டம் கூடியது. ஆனால் அந்தப் படம் ஒரு நிமிடம்கூட ஓடாது. வாணவேடிக்கைக்குக் கதை வேண்டாம். மூன்று மணி நேரம் வாணவேடிக்கை பார்க்க யாரும் உட்காரமாட்டார்கள். 1902இலேயே மெலியஸ் நிலவுக்குப் போய்த் திரும்பும் பயணமாகத் தன் தந்திரக் காட்சிகளைக் கோத்துவிட்டார். நீளம் கூடியதும் கதை தேவைப்பட்டது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில் கதை எங்கே என்றும் கேட்பாய். அதில் காட்சிகள்தாம் கேள்வி கேட்கின்றன. மேலே எறிந்த எலும்பு அடுத்த கணம் விண்வெளிக் கலமாகும்போது, கருவிகளோடு மனிதன் வந்த தூரம் முழுவதும் ஒரே வெட்டில் சொல்லப்பட்டுவிடுகிறது. வசனம் குறைவு என்பதைக் கதையின்மை என்று எண்ணிவிடாதே.

மக்கள் பணம் கொடுத்துப் பார்க்கிறார்களே, அதற்குமேல் என்ன வேண்டும் என்பதுதான் கடினமான கேள்வி. முதல் வார இறுதிக்குக் கூட்டம் சேர்க்க டிரெய்லரும் பிரம்மாண்டமும் போதும், மறுக்கமாட்டேன். வாசனே விளம்பரத்தின் பலத்தை நன்கு அறிந்தவர். ஆனால் தொழில்நுட்ப வியப்பு சீக்கிரம் கிழடு தட்டிவிடும். 1933இன் ‘கிங் காங்’ ஸ்டாப் மோஷன் பொம்மை. அதன் ரோமம் காரணமில்லாமல் சிலிர்ப்பது இன்றைய கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பல மடங்கு நேர்த்தியான குரங்குகளை நாம் பார்த்தாயிற்று. ஆனாலும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில், குண்டடிபட்ட நிலையிலும் தான் தூக்கிவந்த பெண்ணைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு அது சரியும்போது மனம் கலங்குகிறது. 1975இல் வெளிவந்த ‘ஜாஸ்’ படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதானது. ஸ்பீல்பெர்க் அதை மறைத்தே பெரும்பாலான காட்சிகளை எடுத்தார். நீரில் நகரும் மஞ்சள் பீப்பாய்களைப் பார்த்தே அரங்கம் நடுங்கியது. பிரம்மாண்டம் வேலை செய்ய மறுத்த இடத்தில், கடலில் யார் இருக்கிறார்கள், எதற்காக இருக்கிறார்கள் என்ற தெளிவு படத்தைத் தாங்கிப் பிடித்தது.

நீ குறும்படம் எடுக்க ஆசைப்படுகிறாய் என்பதால் இவ்வளவு எழுதினேன். செட்டுக்கும் கிராஃபிக்ஸுக்கும் பணமில்லை என்று வருந்தாதே. அடுத்து நீ பார்க்கப்போகும் பெரிய படத்தில் உன்னை அசத்திய ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அதை வெட்டி எறிந்தால் அடுத்த காட்சி மாறுமா என்று பார்த்து எனக்கு எழுது. மாறாது என்றால், அது எத்தனை கோடியில் எடுக்கப்பட்டதானாலும் உன் திரைக்கதைக்கு அதை முன்மாதிரியாகக் கொள்ளாதே.

அன்புடன்,
உன் அண்ணன்