கப்பல் விருந்துக்குப் பழைய ஷூ

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. சவுதாம்ப்டனில் ஏறி நியூயார்க்கில் இறங்கும்வரை ஏழு இரவும் குயின் மேரி 2 கப்பலில் நீயும் உன் மனைவியும் இருக்கப்போகிறீர்கள் என்று படித்ததில் சந்தோஷம். கேலா இரவு விருந்துக்கு என்ன ஷூ போடுவது என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அடுத்த வரியிலேயே ஒரு பதிலும் எழுதிவிட்டாய்: “கல்யாண ரிசப்ஷனுக்கு வாங்கின பேட்டன்ட் லெதர் ஷூ, ஒரே தடவை போட்டது, புதுசு மாதிரியே பெட்டியில இருக்கு சார், அதையே கொண்டு போயிடறேன்.” அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

தோல் தொழில்நுட்பம் படித்த பையன் எழுதுகிற வரியா இது? விசேஷத்துக்கு வாங்கியதைப் பத்திரமாக எடுத்து வைத்தால் அடுத்த விசேஷம்வரை புதிதாகவே இருக்கும் என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். பட்டுப்புடவை விஷயத்தில் அது ஓரளவு சரி. வெள்ளிக் குத்துவிளக்கு விஷயத்திலும் அப்படித்தான். ஷூவுக்குச் சரியில்லை. சென்னையில் பரண்மேல் கிடக்கும் ஷூவுக்குச் சரியே இல்லை.

சோலாக வார்க்கிற பாலியூரித்தேன் எப்படி உருவாகிறது என்று உனக்கு மறுபடி பாடம் எடுக்கப் போவதில்லை. எஸ்டர் பிணைப்பை மட்டும் ஞாபகப்படுத்திக்கொள். காற்றிலிருக்கும் ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. உடையும்போது அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் அடுத்த பிணைப்பு உடைவதை இன்னும் வேகப்படுத்துகிறது. சூடும் ஈரமும் உள்ள ஊரில் இது பகலிரவு பாராமல் நடக்கிற வேலை. இதில் வேடிக்கை என்னவென்றால், அடிக்கடி போட்டு நடக்கிற ஷூவில் ஒவ்வோர் அடிக்கும் சோல் அமுங்கி விரிந்து, உள்ளே தேங்கிய ஈரம் கொஞ்சமாவது வெளியேறுகிறது. பெட்டிக்குள் இருக்கிற ஷூவுக்கு அந்த வசதியும் கிடையாது. சோலின் வயது நீ போட்ட நாளிலிருந்து தொடங்குவதில்லை, வார்த்தெடுத்த நாளிலிருந்தே தொடங்கிவிடுகிறது. மேலே பார்த்தால் கண்ணாடிபோல் மின்னும், கீழே ஆயுள் முடிந்திருக்கும்.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் மத்தியதரைக் கடலில் ஒரு கப்பலில் போனான். அவனும் உன்னைப்போலவே ரிசப்ஷன் ஷூவை எடுத்துப் போயிருக்கிறான். லிஃப்டிலிருந்து இறங்கி விருந்துக்கூடத்தின் வாசலுக்குப் போவதற்குள், பின்னால் வந்தவர்கள் கார்ப்பெட்டைப் பார்த்து ஒதுங்கி நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் வெளிர்நிறக் கார்ப்பெட்டில் இவன் வந்த வழி முழுக்கக் கறுப்புத் துணுக்குகள். இடது காலில் குதிப்பக்கம் பாதி இல்லை. மிச்ச இரவுகளை பஃபேயில் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவன், அந்த ஷூவை பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தான். மேஜையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டிப் பார்த்தேன். அப்பர் கன்னுக்குட்டித் தோல், ஒரு கீறல் இல்லை. தையல் ஒரே சீராக இருந்தது. லைனிங்கில் வியர்வைக் கறைகூட ஏறவில்லை. சோலில் நகத்தை வைத்து லேசாக அழுத்தினேன். நாள்பட்ட மைசூர்பாகு மாதிரி உதிர்ந்தது. விரலில் ஒரு பிசுபிசுப்பு, கூடவே லேசான புளித்த வாடை. ஒன்பதாயிரம் ரூபாய் ஷூ, தம்பி! “கம்பெனி ஏமாத்திட்டான் மாமா” என்றான். கம்பெனி என்ன செய்யும்? ஆறு வருஷம் கழித்துப் பரணைத் திறந்தவன் இவன்.

கப்பலில் இது நடந்தால் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் கிடையாது. கப்பல் கடைகளில் வாட்ச் விற்பார்கள், சென்ட் விற்பார்கள். உன் அளவுக்கு ஒரு லெதர் ஷூ இருக்கும் என்று நம்பிக்கொண்டு அட்லாண்டிக்கில் இறங்காதே.

ஆகவே முதல் வேலை, அந்தப் பெட்டியை இன்றைக்கே இறக்கு. சோலைத் திருப்பிப் பார். எடையில்லாமல், ஒரே வார்ப்பாக இருந்தால் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை அழுத்து. பள்ளம் மீளாமல் நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, வளைக்கும்போது மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ ஷூவைக் கும்பிட்டு விட்டுவிடு. தப்பியிருந்தாலும் நம்பாதே. பயணத்துக்கு முன்னால் சில வாரம் அதைப் போட்டு ஆபீஸ் போ, கடைத்தெருவில் நட. உதிர்வதாக இருந்தால் தி.நகரிலேயே உதிரட்டும்.

புதிதாக வாங்குவதானால் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஐரோப்பாவுக்காகத் தைக்கிற ஷூக்களில் ஒன்றைப் பார். வெல்ட் தையல் போட்ட தோல் சோல், இல்லாவிட்டால் நல்ல ரப்பர் சோல். கறுப்பு ஆக்ஸ்ஃபோர்ட், மூக்கில் அலங்காரத் துளை வேலை எதுவும் வேண்டாம். டின்னர் ஜாக்கெட்டுக்கும் சரி, கறுப்பு சூட்டுக்கும் சரி, அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. பேட்டன்ட்தான் வேண்டுமென்று உனக்கு ஆசை இருந்தால் தடுக்க மாட்டேன். 1819 வாக்கில் அமெரிக்காவில் நியூஜெர்சியின் நெவார்க்கில் சேத் பாய்டன் அதைத் தொழிலாகச் செய்யத் தொடங்கியபோது ஆளிவிதை எண்ணெய் வார்னிஷைத்தான் அடுக்கடுக்காகப் பூசினார். இப்போது பூசுவது பெரும்பாலும் பாலியூரித்தேன், பார்த்தாயா, மேலேயும் அதே ஆள்! அந்த ஷூக்களை முகத்தோடு முகம் வைத்துப் பெட்டியில் அடைக்காதே. வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மினுக்கும் சேர்ந்து உரிந்துவரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப்பை.

கறுப்பு ஸ்னீக்கர் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். கூடாது. இதற்கு நான் காரணம் சொல்லப் போவதில்லை.

இனி தரை. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதுதான் என் கோபம். கப்பல் உடை பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மேலிருந்து பார்த்தே எழுதுகிறார்கள். கோட்டின் நிறம், போ டையின் அகலம், பாக்கெட்டில் கைக்குட்டை மடிப்பு! மனிதன் நிற்பது தரையில். அந்தத் தரையும் ஆடுகிற தரை.

ஜான் மாக்ஸ்டோன் கிரஹாம் 1972இல் எழுதிய ‘தி ஒன்லி வே டு கிராஸ்’ என்ற புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. அட்லாண்டிக் கப்பல்களின் கதை. தோல் பதனிடுகிறவனுக்கு அதில் என்ன வேலை என்று வீட்டில் கேட்பார்கள். எனக்குப் பிடித்த கதாநாயகி உன் கப்பலின் பாட்டி, 1936இல் முதல் பயணம் போன பழைய குயின் மேரி. அவ்வளவு பெரிய கப்பல் எங்கே ஆடப்போகிறது என்று ஆரம்பத்தில் நடைவழிகளில் கைப்பிடிக் கம்பிகூடப் போதுமான அளவு வைக்கவில்லை. அவளோ புகழ்பெற்ற ஆட்டக்காரி ஆனாள். பக்கவாட்டு ஆட்டத்தை அடக்கும் துடுப்புகள் 1958இல்தான் அவளுக்குப் பொருத்தப்பட்டன. அதுவரை இருபது வருஷத்துக்கும் மேலாக, நடுவில் போர்க்காலம் போக, பணக்காரர்கள் டின்னர் ஜாக்கெட்டும் வழுக்குத் தோல் சோலுமாக அந்த ஆட்டத்தில்தான் சாப்பிடப் போனார்கள். கடல் மோசமான இரவுகளில் பரிமாறுகிறவர்கள் மேஜைவிரிப்பைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்குவார்கள். ஈரத்துணியில் தட்டு நகராது. மேஜை ஓரத்தில் தூக்கி நிறுத்துகிற விளிம்புச் சட்டமும் உண்டு. தட்டு வழுக்காமல் இருக்க இவ்வளவு யோசித்தவர்கள், தட்டை நோக்கி நடந்து வருகிறவனின் காலை அவன் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

உன் கப்பல் 345 மீட்டர் நீளம், பிரான்சின் சேன்ட் நசேரில் கட்டப்பட்டு 2004இல் சேவைக்கு வந்தது, நவீனத் துடுப்புகள் உண்டு. ஆனால் அந்தத் துடுப்புகள் அடக்குவது பக்கவாட்டு ஆட்டத்தைத்தான். முன்னும் பின்னும் தூக்கித் தாழ்கிற ஆட்டத்துக்கு அவற்றிடம் மருந்தில்லை. நீண்ட நடைவழியில் போகும்போது ஒரு கணம் மேட்டில் ஏறுவதுபோல இருக்கும், அடுத்த கணம் தரை காலுக்குக் கீழே இறங்கும். இதை நினைத்துத்தான் ஷூ வாங்க வேண்டும்.

சாப்பிடப் போகிற ஒரே இரவில் உன் கால் படுகிற தரை ஒன்றல்ல. நடைவழியில் கார்ப்பெட். பிரிட்டானியா உணவகத்தில் இறங்குகிற பெரிய படிக்கட்டு. சாப்பாடு முடிந்து குயின்ஸ் ரூமில் பேண்டு வாசிப்பார்கள், அங்கே மரத்தரை. அதற்கப்புறம் காற்று வாங்க வேண்டும் என்று உன் மனைவி சொல்வாள், ஏழாவது தளத்தில் கப்பலைச் சுற்றி வரும் நடைபாதைக்குப் போவீர்கள், அங்கே பலகையெல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்து கிடக்கும். நடனத்துக்குச் சோல் வழுக்க வேண்டும். ரப்பர் சோல் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது. ஈரப் பலகையில் தோல் சோல் போட்டு நடப்பதோ தற்கொலை. ஒரு ஷூவால் இரண்டையும் செய்ய முடியாது. நீ ஆடப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும், கல்லூரி விழாவில் பார்த்திருக்கிறேன். ஆகவே தோல் சோலின் முன்பாதியில் மெல்லிய ரப்பர் தகடு ஒட்டச் சொல். ஒட்டாமல் போவதானால், புதுத் தோல் சோலை உப்புத்தாளால் குறுக்கே நாலு இழுப்பு இழுத்துச் சொரசொரப்பாக்கு, பிறகு சிமென்ட் தரையில் நாலு தடவை நட. அந்த வழவழப்பு போகாமல் கப்பல் ஏறாதே.

உன் மனைவி கூர்ஹீல் வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய். அவளிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். கணக்கை மட்டும் நீ போட்டுக் காட்டு. அறுபது கிலோ எடை முழுவதும் ஒரு கணம் ஒரு சதுர சென்டிமீட்டர் முனையில் இறங்குகிறது. 1950களில் உள்ளே எஃகுத் தண்டு வைத்த இந்த ஹீல் பரவியபோது தரை கெடுகிறதென்று பல கட்டடங்களில் உள்ளே விடவில்லை. கப்பல் தளத்துப் பலகைகளுக்கு நடுவே கறுப்புக் கீல் அடைத்த கோடு ஓடும், அது மரத்தைவிட மிருது. ஹீல் அதில் இறங்கினால் ஷூ நிற்கும், ஆள் போவாள். வெளித்தளத்துக்குப் போகிற கதவுகளில் தண்ணீர் உள்ளே வராமலிருக்க உயர்த்திய நிலைப்படி இருக்கலாம், அதையும் தாண்ட வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மிகாத அகலமான ஹீல், கணுக்காலில் ஒரு வார். அவ்வளவுதான். புடவை கட்டுகிறாளானால் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கொசுவத்தின் உயரத்தைப் பார்க்க வேண்டும். அறையில் வெறுங்காலோடு நின்று கட்டிவிட்டு ஹீலில் ஏறினால் கணுக்கால் தெரியும். ஹீலுக்குக் கட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினால் படிக்கட்டில் புடவையே தடுக்கும்.

உனக்கும் ஒரு மாற்று வழி உண்டு. கேலா இரவுகளுக்கு உன் கப்பலின் நிறுவனம் தேசிய உடையையும் ஏற்கிறது. பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டையோடு போனால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்குக் கீழே ரப்பர் செருப்பு வேண்டாம், ஆக்ஸ்ஃபோர்டும் வேண்டாம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் நல்ல சாண்டல் ஒன்று, பின்வார் இருப்பதாகப் பார்த்து வாங்கு. பின்வார் இல்லாத செருப்பு, தரை இறங்கும்போது காலைவிட்டு முன்னால் போய்விடும்.

ஒன்று விட்டுவிட்டேன். எதை வாங்கினாலும் மாலையில் போய் வாங்கு. நாள் முழுக்க நடந்து சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், விருந்தும் அந்த நேரத்தில்தான். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ ஐந்தாவது பதார்த்தம் வரும்போது மேஜைக்கடியில் கழற்றப்பட்டிருக்கும், அப்புறம் அதைக் காலால் தேடுகிற அவலம். கடல்நீர் பட்டுத் தோலில் வெள்ளைக் கோடு விழுந்தால் பாலிஷ் போட்டு மறைக்காதே. நல்ல தண்ணீரில் சில சொட்டு வினிகர் விட்டு, துணியில் தோய்த்துத் துடை, நிழலில் உலர்த்து, பிறகு பாலிஷ்.

பெட்டியை இறக்கியதும் அந்த ரிசப்ஷன் ஷூவைப் படம் எடுத்து அனுப்பு. மேல்பக்கம் வேண்டாம், அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்