எது முன், எது பின்: நீரிழிவுற்ற பூனையைப் பேணியதில் கற்றவை

நீரிழிவு என்னும் ஒரு வியாதி மட்டும் இருந்தால், அதற்குரிய மருந்தையும் பத்தியத்தையும் அறிந்து அவற்றைத் தவறாமல் கடைப்பிடித்தாலே போதும். ஆனால் நீரிழிவோடு சிறுநீரகத் தளர்ச்சியும், ஈறு வீக்கமும், மூத்திரப் பாதையில் அடிக்கடி தோன்றும் தொற்றும் ஒருங்கே வந்து குடிகொண்ட ஒரு வயோதிகப் பூனையைப் பராமரிக்க நேர்ந்தால், ஒரு நோய்க்கு நன்மையாவது இன்னொரு நோய்க்குத் தீங்காய் முடிகிற சங்கடத்தை நாள்தோறும் சந்திக்க வேண்டியிருக்கும். இராசிபுரத்தில் எங்கள் வீட்டில் வளரும் செவலை என்ற கடுவன் பூனையின் பொருட்டு நானும் என் மனைவியும் சில வருஷங்களாக இந்தச் சங்கடத்தோடு பழகி வருகிறோம். மருந்துகளின் பெயர்களை அறிவதினும், எதை முதலில் கவனிப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்ற கிரமத்தை அறிவதே இத்தகைய ஜீவனைக் காக்கும் வழி என்பது அந்த அனுபவத்தில் நான் தெளிந்தது.

பூனைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் மனிதருக்கு நடுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. உடல் பருத்து வீட்டுக்குள்ளேயே உறங்கிக் கழிக்கும், காயடிக்கப்பட்ட கடுவன்களை அது அதிகமாகப் பற்றுகிறது. செவலையிடம், தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாவதும், மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெருத்துக் கிடப்பதும், வயிறாரத் தின்றும் முதுகெலும்பு தெரிய இளைப்பதும், கடைசியாக, விரல்களை ஊன்றி நடக்கும் இயல்பு மாறிப் பின்னங்கால்களின் குதி தரையில் படியத் தாழ்ந்து நடப்பதும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றின. இந்தத் தாழ்ந்த நடையை வாதம் என்றும், எங்கோ அடிபட்டதென்றும் அக்கம்பக்கத்தார் சொல்வதுண்டு. சர்க்கரை மிகுதியால் நரம்புகள் நலிவதே அதன் காரணம். சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் பல பூனைகளில் அது மெல்ல மெல்லச் சீர்ப்படும். பயத்தினாலேயே பூனையின் ரத்தச் சர்க்கரை வெகுவாக ஏறிவிடும் ஆதலால், ஆஸ்பத்திரி மேஜைமேல் ஒருமுறை எடுத்த அளவைக்கொண்டு நோயை நிச்சயிக்கலாகாது. சிறுநீரிலும் சர்க்கரை உண்டா என்று பார்த்து, கூடுமானால் முந்திய ஓரிரு வார காலத்துப் பொது நிலையைக் காட்டும் ஃபிரக்டோசமைன் பரிசோதனையையும் செய்துகொள்வது உத்தமம்.

மாட்டாஸ்பத்திரியில் பூனைக்கு என்ன பார்ப்பார்கள் என்று தயங்குவோர் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. நாமக்கல்லில் 1985-ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், சேலம் மாவட்டத்துத் தலைவாசலில் 2021-இல் திறக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி வளாகமும் இருக்கும் இந்தச் சமவெளியில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. நீரிழிவு மருந்தின் சரித்திரமும் நம்மை மிருகங்களிடமே கொண்டு சேர்க்கிறது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோதுதான் நீரிழிவின் மூலஸ்தானம் புலப்பட்டது. 1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களின்மேல் நடத்திய பரிசோதனைகளால் இன்சுலின் கைக்கு வந்து, மறு வருஷம் ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. மிருகங்களின் உயிரைக்கொண்டு மனிதன் அடைந்த ஒரு மருந்தை ஒரு மிருகத்துக்கு அளிப்பது ஆடம்பரம் என்று எவரேனும் சொன்னால், அது கடன் தீர்க்கும் காரியம் என்றே பதில் சொல்வேன்.

நாங்கள் கைக்கொள்ளும் நியமங்களுள் முதலாவது, ஆகாரம் முன், ஊசி பின் என்பது. ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, காலையும் மாலையும் ஒரே வேளையில் இன்சுலின் செலுத்த வேண்டும். தட்டில் வைத்த உணவில் பாதிக்கு மேல் உள்ளே போனதைக் கண்ணால் கண்ட பிறகே ஊசியை எடுப்பது எங்கள் வழக்கம். உணவை மறுக்கும் நாளில் எவ்வளவு குறைப்பது, எப்போது அறவே நிறுத்துவது என்பதைப் பூனை நன்றாக இருக்கும் நாளிலேயே வைத்தியரிடம் கேட்டு, எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். பதற்றத்தில் யோசித்து எடுக்கும் முடிவு சரியாய் அமைவது அரிது. பூனை ஒரு முழு நாள் சாப்பிடாமலிருந்தால் அதுவே தனி ஆபத்து. பட்டினியால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து புதியதொரு நோய் முளைத்துவிடும். ஆகையால் சர்க்கரை அளவு, சிறுநீரகப் பத்தியம் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது, இன்று அது சாப்பிட்டதா என்ற கேள்வி.

இரண்டாவது, சர்க்கரை ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதற்கே அதிகம் அஞ்ச வேண்டும். "ஒரு நாள் ஏறி நின்னா ஒண்ணும் ஆயிடாதுங்க ஐயா, ரொம்ப எறங்கிப்போச்சுன்னா உசுருக்கே வந்துருமுங்க" என்று எங்கள் வைத்தியர் முதல் நாளே சொன்ன வாக்கியம் இன்றுவரை எங்களுக்கு வழிகாட்டி. பூனை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, கூப்பிட்டும் திரும்பாமல் வெறித்திருந்தாலோ, விழுங்கக்கூடிய நிலையில் உடனே உணவு கொடுக்க வேண்டும். இல்லையேல் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் தொட்டு ஈறில் தடவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். நினைவு தப்பிய ஜீவனின் வாயில் எதையும் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஊசி சரியாக இறங்கியதா, மயிரில் வழிந்துவிட்டதா என்ற சந்தேகம் எழும்போது மறுபடியும் போடலாகாது. அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளைக்குக் காத்திருப்பதே க்ஷேமம்.

மூன்றாவது, மருந்தும் ஊசியும் பொருந்த வேண்டும். நம் ஊர் மெடிக்கல் ஷாப்புகளில் கிடைக்கும் மனித இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. அவற்றுக்குரிய சிரிஞ்சு சிவப்பு மூடியோடு வருகிறது. பூனைகளுக்குப் பெரிதும் எழுதப்படும் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலினோ ஒரு மில்லிக்கு 100 யூனிட் கொண்டது. அதற்குரியது ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால், ஒரு யூனிட்டுக்குப் பதிலாக இரண்டரை யூனிட் உடலில் சேர்ந்துவிடும். நாலைந்து கிலோ எடையுள்ள சிறு உடலுக்கு ஆரம்ப அளவே ஒரு யூனிட்டை ஒட்டியதாயிருப்பதால், இந்தப் பேதம் உயிரைப் பறிக்கக்கூடியது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் அருகருகே வைத்துப் படிப்பதை நியமமாகக் கொள்ள வேண்டும். அரை யூனிட் கோடுகள் கொண்ட சிறு சிரிஞ்சு கிடைத்தால் அதுவே சிலாக்கியம்.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் இருக்க வேண்டிய வஸ்து. உறைந்தாலும் கெடும், வெம்மையிலும் கெடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சேலத்துச் சித்திரை மாதத்தில், குப்பியை ஃபிரிட்ஜின் உறைபெட்டியிலிருந்து விலக்கி நடுத்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வைக்கிறோம். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காமல் குளிரைக் காக்கிறோம். பிரயாணத்தில், ஐஸ் நேரே படாதபடி துணி சுற்றிப் பிளாஸ்கில் கொண்டுபோகிறோம். காரணமின்றிச் சர்க்கரை ஏறத் தொடங்கினால் அளவைக் கூட்டுமுன் குப்பி பழசாகிவிட்டதா, வெம்மைபட்டதா என்று பார்ப்பது முறை.

நான்காவது, வீட்டிலேயே அளவெடுத்து எழுதி வைப்பது. மனிதருக்கான குளுக்கோமீட்டரே போதும். அது பூனையின் ரத்தத்தில் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும் ஆதலால், கருவியை மாற்றாமல் ஒன்றையே வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க வேண்டும். வெதுவெதுப்பான துணியால் காதைச் சிறிது நேரம் ஒற்றியெடுத்து, பின்பக்கம் பஞ்சு வைத்து, ஓரத்தில் மெல்லக் குத்தினால் ஒரு துளி வரும். வந்ததும் ஒரு துண்டு அவித்த கோழிக்கறி கொடுத்துப் பழக்கினால் பூனை தானே வந்து காதை நீட்டும். சர்க்கரை, ஊசி அளவு, தின்றது, குடித்த நீர், வாரந்தோறும் எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே மாற்றம் என்பதை அந்த நோட்டு நமக்குக் கற்பிக்கும். உணவையும் இன்சுலினையும் புது மருந்தையும் ஒரே வாரத்தில் மாற்றினால், எதனால் எது நேர்ந்ததென்று வைத்தியருக்கும் விளங்காது.

ஆகார விஷயத்தில்தான் நோய்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பூனை மாமிச பக்ஷிணி. பால்சோறும் தயிர்ச்சோறும் அதன் சர்க்கரையை ஏற்றும். ஆனால் சோற்றைத் திடீரென நிறுத்திவிட்டு இன்சுலினைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும் ஆதலால், வைத்தியருக்குச் சொல்லிவிட்டே படிப்படியாக மாற்ற வேண்டும். சிறுநீரகமோ பாஸ்பரஸ் குறைந்த உணவைக் கேட்கிறது. எங்கள் வைத்தியரின் யோசனைப்படி, பூனைக்கென்று தயாரித்த ஈர உணவோடு, நாமக்கல் முட்டையை நன்கு வேகவைத்து, பாஸ்பரஸ் மிகுந்த மஞ்சளை நீக்கி, வெள்ளைக்கருவைச் சேர்க்கிறோம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழிப்பவை. அவை சேர்ந்த குழம்புக்கறியைத் தொடவிடக்கூடாது. சிறுநீரகப் பத்தியத்தை அது முகர்ந்து பார்த்துவிட்டு விலகினால், முதல் நியமத்துக்கே திரும்புகிறோம்: உண்ணாத உத்தம உணவைவிட, உண்ணும் மத்திம உணவே மேல். சிறுநீரகம் தளரத் தளர இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்கக்கூடும் என்பதால், பழைய அளவே மிகையாகிவிடாதபடி அளவெடுப்பதை நெருக்கமாக்க வேண்டும். கோடையில் உடல் வறண்டபோது தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் ஏற்றும் முறையை வைத்தியரிடம் கற்று வீட்டிலேயே செய்கிறோம்.

பல்லிலோ மூத்திரப் பையிலோ தொற்று மறைந்திருந்தால் எவ்வளவு இன்சுலினுக்கும் சர்க்கரை அடங்காது. தொற்றைத் தீர்ப்பது முந்தியது, அளவைக் கூட்டுவது பிந்தியது. அரிப்புக்கோ வீக்கத்துக்கோ ஸ்டீராய்டு ஊசி போட முனைந்தால், நீரிழிவு இருப்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அது சர்க்கரையைத் தூக்கிவிடும். வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். கால் மாத்திரையும் ஆகாது. அமெரிக்காவில் 2022-இல் பூனைகளுக்கென்று அனுமதி பெற்ற நீரிழிவு மாத்திரையைக் கேள்விப்பட்டு, அதே இனத்து மனித மாத்திரையைக் கொடுத்துப் பார்க்க ஒருவரும் துணியக் கூடாது. அந்த மாத்திரையே ஏற்கெனவே இன்சுலின் பெற்ற பூனைகளுக்கு உரியதன்று. வாந்தி, சோர்வு, உண்ணாமை, மூச்சில் பழவாடை ஆகியவை சேர்ந்து தோன்றினால், ரத்தத்தில் அமிலம் கூடும் நிலை என்று கருதி, விடியும்வரை காத்திராமல் புறப்பட வேண்டும்.

தொடக்கத்திலேயே நன்கு பேணப்பட்ட சில பூனைகள் இன்சுலின் தேவையின்றியே வாழும் நிலையை எய்துவதும் உண்டு. பல வியாதிகள் சேர்ந்த பூனைக்கு அந்தப் பாக்கியம் கிட்டாமற் போகலாம். கிட்டாவிட்டாலும், பசித்து உண்டு, மடியில் ஏறி, வெயில் படும் திண்ணையில் சுகமாய்ப் படுத்துறங்கும் நாட்களை அதற்கு நீட்டித் தருவது நம்மால் இயலும். இந்தப் பொறுப்பை ஏற்க நினைப்போருக்கு நான் சொல்வது இதுதான்: பணத்தைக் கணக்கிடுமுன் ஆட்களைக் கணக்கிடுங்கள். காலையும் மாலையும் அதே வேளையில் வீட்டில் இருக்கக்கூடியவர் ஒருவரும், அவர் வெளியூர் போனாலோ படுத்தாலோ ஊசியைக் கையிலெடுக்கத் தெரிந்த இன்னொருவரும் இருந்தால் துணிந்து தொடங்கலாம். அந்த இரண்டாமவருக்கு, மருந்து வாங்கி வந்த முதல் வாரத்திலேயே ஊசி போடக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.