ஊர் கூடி மீட்ட விளையாட்டுகள்

ஒரு பொருளை வாங்க ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். அதைச் செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால், அதற்குப் பணம் போட எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. இப்படியும் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது. அந்தப் பொருள் ஒரு கணிப்பொறி விளையாட்டு. அதை ரசிகர்களே காசு சேர்த்து மீட்ட கதையில் கணிதமும் இருக்கிறது. மனிதர்களின் மனம் வேலை செய்யும் விதமும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போமா?

வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு

கணிப்பொறி விளையாட்டு என்றதும் ஓடுவதும் சுடுவதும் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசப்போவது வேறு வகை. இதில் நீங்கள் ஒரு வேடத்தை ஏற்கிறீர்கள். வீரனாகவோ, வைத்தியராகவோ, மந்திரவாதியாகவோ மாறி ஒரு கதைக்குள் நுழைகிறீர்கள். வழியில் ஒரு திருடனைப் பிடித்தால் அவனை விடுவதா, காவலரிடம் ஒப்படைப்பதா? முடிவு உங்களுடையது. அதற்கு ஏற்பக் கதை திரும்பும்.

இதன் வேர் கணிப்பொறியில் இல்லை. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குத் தேவையானவை காகிதம், பென்சில், பகடை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கற்பனை. வேடத்தின் பலம், அறிவு, சுறுசுறுப்பு ஆகியவற்றுக்கு எண்கள் உண்டு. அந்த எண்களைப் பகடை உருட்டித் தீர்மானித்தார்கள்.

ஆறு முகப் பகடைகள் மூன்றை ஒன்றாக உருட்டுவது அதில் ஒரு முறை. மூன்று பகடைகள் விழும் விதங்கள் மொத்தம் 6 × 6 × 6 = 216. கூட்டுத்தொகை 18 வர வேண்டுமானால் மூன்றிலும் 6 விழ வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான். கூட்டுத்தொகை 10 வருவதற்கோ 27 வழிகள். 11-க்கும் 27 வழிகள். ஆகவே, நடுத்தரமானவர்கள் நிறையவும் மாபெரும் பலசாலிகள் அரிதாகவும் அமைகிறார்கள். இயற்கையில் மனிதர்களின் உயரத்தை அளந்து பார்த்தாலும் இப்படித்தானே இருக்கிறது! பிற்காலத்தில் இந்தப் பகடை வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது.

வட்டில் இடமில்லை!

1988-இல் 'வேஸ்ட்லேண்ட்' என்ற விளையாட்டு வெளிவந்தது. பெயரின் பொருள் பாழ்நிலம். அணுகுண்டுப் போருக்குப் பிறகு அமெரிக்கப் பாலைவனத்தில் உயிர் பிழைத்தவர்களின் கதை அது. பிரையன் ஃபார்கோ என்பவரின் 'இன்டர்பிளே' நிறுவனம் அதை உருவாக்கியது. 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' அதை வெளியிட்டது.

அக்காலத்து ஆப்பிள் கணிப்பொறியின் வளையும் வட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 140 கிலோபைட்தான் கொள்ளும். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால், ஏறத்தாழ 1,40,000 எழுத்துகள். படம், வரைபடம், விதிமுறை, கதை எல்லாவற்றையும் இத்தகைய வட்டுகளில் அடக்க வேண்டும்! என்ன செய்தார்கள் தெரியுமா? கதையின் நீண்ட பத்திகளை ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டு, வட்டோடு கொடுத்துவிட்டார்கள். உரிய கட்டம் வந்ததும், 'இத்தனையாவது பத்தியைப் படிக்கவும்' என்று திரையில் குறிப்பு தோன்றும்.

அப்படியானால் ஆடாமலே புத்தகத்தைப் புரட்டிக் கதையைத் தெரிந்துகொள்ளலாமே? அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். கதைக்குச் சம்பந்தமே இல்லாத பொய்ப் பத்திகளையும் இடையிடையே கலந்திருந்தார்கள். முன்கூட்டிப் படித்தவர்கள் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய ஒரு கற்பனையை நம்பி ஏமாந்தார்கள்!

இவ்வகையில் பின்னர் 'ஃபால்அவுட்' (1997), 'பால்டர்ஸ் கேட்' (1998), 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' (1999) முதலியவை வந்து புகழ்பெற்றன. மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது போன்ற காட்சி, பக்கம் பக்கமாகப் படிக்க உரையாடல், நிதானமாக யோசித்து முடிவெடுத்தல் ஆகியவை பலவற்றின் அடையாளங்கள்.

ஏன் கைவிட்டார்கள்?

2000-க்குப் பிறகு கணிப்பொறிகளின் வேகம் கூடியது. முப்பரிமாணக் காட்சிகள் வந்தன. அவற்றை உருவாக்கும் செலவும் மலைபோல் ஏறியது. செலவு ஏற ஏற, பணம் போடுவோர் பல லட்சம் பிரதிகள் விற்கும் விளையாட்டுகளையே தேடினார்கள். பழைய பாணி விளையாட்டை விரும்புவோர் உலகெங்கும் சிதறிக் கிடந்தார்கள். அவர்கள் எத்தனை பேர்? காசு கொடுப்பார்களா? யாருக்கும் தெரியாது. தெரியாததை நம்பிப் பணம் போட எவரும் துணியவில்லை. பாழ்நிலக் கதையின் அடுத்த பாகத்துக்காக ஃபார்கோ பல ஆண்டுகள் நிறுவனங்களின் கதவைத் தட்டினார். ஒரு கதவும் திறக்கவில்லை.

வகுப்பறையில் ஒரு தொலைநோக்கி

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வகுப்பில் 40 பேர். ஒரு தொலைநோக்கியின் விலை 4,000 ரூபாய். ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் வாங்கிவிடலாம். ஆனால், ஒவ்வொருவர் மனத்திலும் இரண்டு எண்ணங்கள் ஓடும்.

முதலாவது அச்சம்: 'நான் கொடுத்து, மற்றவர்கள் கொடுக்காவிட்டால் என் பணம் வீண்தானே!'

இரண்டாவது ஆசை: 'மற்றவர்கள் கொடுத்து வாங்கட்டும், நானும் பார்த்துக்கொள்ளலாம்.'

இரண்டும் சேர்ந்தால் ஒருவரும் பணம் தரமாட்டார்கள். எல்லோரும் விரும்பியும் தொலைநோக்கி வராது!

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு விதி உண்டு. 'குறித்த நாளுக்குள் 4,000 ரூபாய் சேர்ந்தால்தான் பணத்தை எடுப்போம். ஒரு ரூபாய் குறைந்தாலும் யாரிடமும் வாங்கமாட்டோம்' என்று அறிவித்துவிட வேண்டும். அச்சம் போய்விட்டது. 'பணம் கொடுத்தவர்களுக்கே பார்க்கும் உரிமை' என்று இன்னொரு விதியும் சேர்த்தால், இலவச ஆசையும் போய்விடும்.

2009-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கிக்ஸ்டார்ட்டர்' என்ற இணைய நிறுவனம் முதல் விதியையே அடிப்படையாகக் கொண்டது. இலக்கை எட்டாத திட்டத்துக்கு யாரிடமும் பணம் பிடிக்கப்படாது. எட்டினால், சேர்ந்த தொகையில் நிறுவனம் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும்.

பலரிடம் சிறிது சிறிதாகச் சேர்ப்பது புதிய யோசனை அல்ல. 1885-இல் நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் போதாமல் போயிற்று. ஜோசப் புலிட்சர் தம் செய்தித்தாளில் வேண்டுகோள் விடுத்தார். கொடுத்தவர்களின் பெயரை அச்சிட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதுதான்!

2012-இல் நடந்தது

2012 மார்ச்சில் ஃபார்கோவின் புதிய நிறுவனமான 'இன்எக்ஸைல்' ரசிகர்களிடம் 9 லட்சம் டாலர் கேட்டது. 15 டாலர் கொடுத்தால் முடிந்ததும் விளையாட்டின் ஒரு பிரதி கிடைக்கும். சுமார் ஐந்து வாரத்தில் 61,290 பேர் சேர்ந்து 29,33,252 டாலர் கொடுத்தார்கள். கேட்டதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்!

ஆளுக்குச் சராசரி எவ்வளவு? வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 48 டாலர். அப்படியானால் எல்லோரும் 48 டாலர் கொடுத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்பது பேர் ஆளுக்கு 15 டாலரும் ஒருவர் 1,000 டாலரும் கொடுத்தால் சராசரி 113 டாலர் 50 சென்ட். ஆனால், அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட அந்தத் தொகையைக் கொடுக்கவில்லையே! சராசரியை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

அதே ஆண்டில் 'அப்சிடியன்' என்ற நிறுவனம் இக்கட்டில் இருந்தது. ஒரு பெரிய திட்டம் ரத்தாகி, பலர் வேலை இழந்திருந்தார்கள். பால்டர்ஸ் கேட் பாணியில் ஒரு புதிய விளையாட்டுக்காக அது 11 லட்சம் டாலர் கேட்டது. 73,986 பேர் 39,86,929 டாலர் கொடுத்தார்கள். 'பில்லர்ஸ் ஆஃப் இடர்னிட்டி' என்ற பெயரில் அது 2015 மார்ச்சில் வெளியானது.

பணம் வந்ததைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சிதறிக் கிடந்த ரசிகர்கள் எத்தனை பேர் என்பது முதல் முறையாக எண்ணில் தெரிந்தது.

காத்திருப்பின் கணிதம்

எல்லாம் சுபமாக முடிந்ததா? அவசரப்படாதீர்கள். பாழ்நிலத்தின் இரண்டாம் பாகம் 2013 அக்டோபரில் தருவதாகச் சொல்லப்பட்டது. வந்தது 2014 செப்டம்பரில். ஏன் இந்தத் தாமதம்?

பணம் கூடும்போது வாக்குறுதியும் கூடுகிறது. 'இன்னும் இவ்வளவு சேர்ந்தால் இன்னொரு நகரம், இன்னொரு தோழன்' என்று அறிவிப்பார்கள். நினைவிருக்கட்டும், இது முடிவுகளால் திரும்பும் கதை. 'ஆம்', 'இல்லை' என இரு வழியுள்ள ஒரு முடிவு 2 நிலைகளைத் தரும். இரண்டு முடிவுகள் 4 நிலைகள். மூன்று முடிவுகள் 8. பத்து முடிவுகள் 1,024. இருபது முடிவுகள் 10,48,576! எங்கே எந்த முடிவு எதோடு மோதி விளையாட்டு நின்றுபோகும் என்று சோதிக்க வேண்டும். வேலை கூட்டலில் வளராமல் பெருக்கலில் வளர்கிறது.

2013-இல் 'டார்மென்ட்: டைட்ஸ் ஆஃப் நியுமெனெரா' என்ற விளையாட்டுக்கு 41 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அது 2014 இறுதியில் வரவேண்டியது; 2017 பிப்ரவரியில்தான் வந்தது. சொன்ன சில அம்சங்கள் குறைந்தன. இத்தாலிய மொழியாக்கம் கைவிடப்பட்டது. தம் மொழியில் ஆடலாம் என்று நம்பிப் பணம் கொடுத்த இத்தாலிய ரசிகர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்!

நாம் கண்ட விதி, இலக்கை எட்டாத திட்டத்திலிருந்து மட்டுமே பணத்தைக் காக்கும். இலக்கை எட்டிய பின் வேலை தாமதித்தாலோ குலைந்தாலோ அது காக்காது. இது கடையில் பொருள் வாங்குவது போன்றதல்ல. விதைப்பவருக்கு விதைநெல் கொடுப்பது போன்றது. மழை பெய்யலாம், பொய்க்கவும் செய்யலாம். இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையையே கொடுப்பது அறிவுடைமை.

விதை எங்கே முளைத்தது?

பெல்ஜியம் நாட்டின் 'லாரியன்' நிறுவனம் 2013-இல் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' விளையாட்டுக்கும், 2015-இல் அதன் இரண்டாம் பாகத்துக்கும் ரசிகர்களிடம் உதவி பெற்றது. அவற்றின் வெற்றியால் வளர்ந்தது. 2023-இல் ரசிகர் நிதி எதுவும் திரட்டாமலே 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டை வெளியிட்டது. அது உலகப் புகழ் பெற்றது. இன்எக்ஸைல், அப்சிடியன் இரண்டையும் வாங்குவதாக 2018 நவம்பரில் மைக்ரோசாப்ட் அறிவித்தது. விற்காது என்று ஒதுக்கப்பட்ட வகைக்கு இப்படி ஒரு மறுவாழ்வு!

செய்து பாருங்கள்

வகுப்பில் 30 பேர் சேர்ந்து, ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் விரும்பிய அளவை, பிறர் அறியாமல் ஒரு காகிதத்தில் பெயரோடு எழுதி, ஆசிரியரிடம் கொடுங்கள். மொத்தம் 150-ஐ எட்டினால் எல்லோருக்கும் ஆளுக்கு 8 கொட்டைகள் பரிசு.

முதல் சுற்றில், இலக்கை எட்டாவிட்டால் கொடுத்தது போனதுதான். இரண்டாம் சுற்றில், எட்டாவிட்டால் கொடுத்தது திரும்ப வரும். மூன்றாம் சுற்றில், திரும்ப வருவதோடு, ஐந்தும் அதற்கு மேலும் கொடுத்தவர்களுக்கே பரிசு.

ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு சேர்ந்தது என்று குறித்து, வரைபடம் வரையுங்கள். ஆட்கள் அதே முப்பது பேர்தான். மாறியது விதி மட்டுமே. எந்த விதியில் எவ்வளவு சேர்ந்தது, ஏன் என்று உங்களுக்குள் விவாதித்துப் பாருங்கள்.