நெருஞ்சில் வாங்குமுன் முள்ளை எண்ணுங்கள்

சில மாதங்களுக்கு முன் முல்லைத்தீவிலிருந்து ஒரு தம்பி வவுனியாவில் உள்ள என் கடைக்கு வந்தார். லண்டனில் இருக்கும் அவருடைய மச்சான் ஒரு படம் அனுப்பியிருந்தாராம். நீல நிறத்தில் பந்துபோலப் பூக்கும் முட்செடி. 'குளோப் திசில்' என்று பெயர். "வறண்ட மணலிலும் வளருமாம் நானா, அலம்பில் காணியில் போட்டால் காசு பார்க்கலாமா?" என்று கேட்டார்.

அது குளிர்காலம் உள்ள நாடுகளின் பூ. அங்கே பூங்கொத்துக்கு விற்கிறார்கள். எங்கள் வெயிலில் அதை நம்பிக் காசைப் போடச் சொல்ல மாட்டேன். விதை கொண்டுவருவதற்கும் 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். "உங்கள் காணியில் தானாக முளைக்கும் முட்செடி என்ன?" என்று திருப்பிக் கேட்டேன். "நெருஞ்சில்தான், கச்சானுக்குள் வந்து கரைச்சல் தருகிறது, கொத்தி எறிகிறோம்" என்றார்.

அந்த நெருஞ்சில் நாட்டு மருந்தில் தசமூலம் என்னும் பத்துச் சரக்குகளில் ஒன்று. நீரடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் வைத்தியர்கள் கொடுப்பது. இலங்கையின் மருந்துச் சரக்கில் பெரும் பகுதி இன்றும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது. வெளிநாட்டில் இதையே 'ட்ரிபுலஸ்' என்று குளிசையாக்கி, உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு விற்கிறார்கள். ஆண்மைச் சுரப்பைக் கூட்டும் என்ற அந்த விளம்பரம் ஆய்வுகளில் நிலைக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லி நாங்கள் விற்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நெருஞ்சில் என்ற பெயரில் இரண்டு செடிகள் சந்தைக்கு வருகின்றன. இதில் நானே ஒருமுறை அடிபட்டவன். ஆறு மூடை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பினேன். ஆறும் திரும்பி வந்தன. போன லொறிக் கூலியும் வந்த லொறிக் கூலியும் என் தலையில். பாதிக்கு மேல் யானை நெருஞ்சில் கலந்திருந்தது. விற்றவரைக் குறை சொல்லி என்ன? நான் தராசைப் பார்த்தேன், சரக்கைப் பார்க்கவில்லை.

சிறு நெருஞ்சில் நிலத்தோடு படரும். புளியிலைபோல் சின்னச் சின்ன இலைகள் சோடி சோடியாக இருக்கும். ஐந்து இதழ் மஞ்சள் பூ. காய் காய்ந்தால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், அநேகமாக இன்னும் இரண்டு சிறிய முள். சைக்கிள் டயரைப் பதம் பார்ப்பது இதுதான்.

யானை நெருஞ்சில் எள்ளின் இனம். தண்டு சதைப்பற்றாக நிமிர்ந்தும் வளரும். இலை அகலமானது, ஓரம் வெட்டு வெட்டாக இருக்கும். பூவும் மஞ்சள்தான், ஆனால் குழல்போல நீண்டது. காய் பெரிது, நான்கு பட்டை, மூலைக்கொன்றாக நான்கு முள். காய்ந்தாலும் துண்டாகப் பிரியாது. பச்சைச் செடியில் சந்தேகம் வந்தால் ஒரு கொப்பை ஒடித்துத் தண்ணீரில் கலக்குங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் முட்டை வெள்ளைக்கருபோல வழுவழுத்தால் அது யானை நெருஞ்சில். இதுவும் நல்ல மருந்துதான். அதன் பெயரிலேயே விற்க வேண்டும், அவ்வளவுதான்.

பெயர் மாறினால் உயிரே போன கதையும் உண்டு. எங்கள் வீதியோரத்தில் நிற்கும் பிரமதண்டின் விதை கடுகுபோல இருக்கும். 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் அதன் எண்ணெய் கலந்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

பயிரிட விரும்புவோருக்கு: கச்சான் விளையும் மணல் தரை போதும், தண்ணீர் நிற்கும் இடம் உதவாது. கடும் மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும் தை மாதத்தில் போடுங்கள். புதுக்காய் சரியாக முளைக்காது, சில மாதம் உறங்கும். அதனால் போன வருடக் காயை இரவு ஊறவைத்து, ஒன்றரை அடி இடைவிட்டு ஊன்றுங்கள். காய் பச்சை மாறி வைக்கோல் நிறம் வந்ததும் செடியோடு பிடுங்கிப் படங்கில் காயப்போட்டுத் தட்டி எடுக்கலாம். கையுறை இல்லாமல் இறங்க வேண்டாம். உதிரும் காய் பக்கத்துக் காணிக்குப் போகாமல் பாருங்கள், அவருக்கு அது களைதான். செடியை ஆடுகளுக்கும் விடாதீர்கள். தென்னாபிரிக்காவில் இதைத் தின்ற செம்மறிகளுக்கு ஈரல் கெட்டு, வெயிலில் முகம் வீங்கும் நோய் வருவது பழைய அனுபவம்.

காட்டில் பிடுங்கி விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட நிலமென்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு காய்க்கும் குனிய வேண்டாம். ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகவும் வேண்டாம்.

விதைக்கு முன் ஆளைப் பிடியுங்கள். ஒரு கிலோ மாதிரியைக் காட்டி, எந்த நெருஞ்சில், எவ்வளவு காய்ந்தது, எத்தனை மூடை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி போன கிழமை ஒரு பையோடு வந்தார். மேசையில் கொட்டி இருவருமாக எண்ணினோம். பத்துக் காயில் இரண்டு யானை நெருஞ்சில். சுளகில் இட்டுப் பிரித்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.