தூரத்தில் இருக்கும் அத்தாவும் பிள்ளையின் வாசிப்பும்



இம்மாதப் பாடம், பிழைப்புக்காக வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் தகப்பன்மார்களைப் பற்றியது. குடும்பமாக உட்கார்ந்து படியுங்கள். அத்தா வெளிநாட்டில் இருந்தால் இதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவையுங்கள்.

நம் வீடுகளின் நிலை

2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, நம் மாநிலத்திலிருந்து ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். உத்திரமேரூர் வட்டாரத்தில் இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ ஒருவர் இருக்கும் வீடுகள் நமக்குத் தெரியும். லாரி ஓட்டப் போய் பத்து நாள் கழித்து வருபவர்கள், சென்னையில் கடைகளில் தங்கி வேலை செய்பவர்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர்கள் என்று இன்னும் பலர். கடைசியாகச் சொன்னவர்கள் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். ஆனாலும் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் அவர்கள் விழித்திருப்பதில்லை.

இவர்கள் யாரும் பிள்ளைகளைக் கைவிட்டவர்கள் அல்லர். பிள்ளைகளுக்காகவே போனவர்கள். மாதாமாதம் பணம் வருகிறது, பள்ளிக் கட்டணம் கட்டப்படுகிறது. போனும் வருகிறது. அந்தப் போனில் என்ன பேசுகிறோம் என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம். "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? ஒழுங்காப் படிக்கிறியா? மார்க் எவ்வளவு? அம்மாகிட்ட குடு." பெரும்பாலும் பிள்ளை "ம்" என்று சொன்னால் போதும். இரண்டு வருடம் கழித்து அத்தா விடுமுறையில் வரும்போது, பெட்டியை ஆசையாகப் பார்க்கும் பிள்ளை அத்தாவின் முகத்தைக் கூச்சத்தோடு பார்க்கிறது.

வாசிப்பில் ஏற்பட்டிருக்கும் குறை

கிராமப்புற வீடுகளுக்கே போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. அதன் பெயர் அசர். தமிழ்நாட்டில் 5ஆம் வகுப்புப் படிக்கும் 100 பிள்ளைகளில், 2ஆம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் ஏறத்தாழ 41 பேர். கொரோனாவுக்குப் பின் 2022இல் அது 25 பேராகக் குறைந்தது. பின்னர் ஓரளவு மீண்டாலும் குறை முழுதாகத் தீரவில்லை.

3ஆம் வகுப்புவரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. அதற்குப் பின் வாசித்துத்தான் மற்ற பாடங்களைக் கற்க வேண்டும். எழுத்துக்கூட்டிக்கொண்டே நிற்கும் பிள்ளைக்கு 6ஆம் வகுப்பில் அறிவியலும் புரியாது, கணக்கில் கேட்ட கேள்வியும் புரியாது. அந்தப் பிள்ளை மக்கு அல்ல. ஆனால் தன்னை மக்கு என்று நினைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். பிறகு படிப்பை விட்டுவிட்டு, அத்தா போன அதே வேலைக்கு அதே சம்பளத்துக்குப் புறப்படும். எதைத் தவிர்க்க அத்தா கடல் கடந்தாரோ, அதுவே நடந்துவிடும்.

ஓதிக் காட்டும் பழக்கம்

திருக்குர்ஆனில் முதலில் இறங்கிய கட்டளை ஓதுவதைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் எழுதத் தெரிந்தவர்கள், பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற நபி (ஸல்) அவர்கள் வழி செய்தார்கள் என்ற செய்தியும் நமக்குத் தெரியும்.

மக்தபில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பிள்ளை உஸ்தாதிடம் ஓதிக் காட்டுகிறது. உஸ்தாத் காது கொடுத்துக் கேட்கிறார். தவறு வந்தால் நிறுத்தி, தான் ஒருமுறை ஓதி, மறுபடி ஓதச் சொல்கிறார். கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதாலேயே பிள்ளை ஓதுகிறது. தமிழ் வாசிப்புக்கும் அப்படிக் கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஆளாக, தூரத்தில் இருக்கும் அத்தா இருக்க முடியும். கேட்பதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. பள்ளியைப் பாதியில் விட்ட அத்தாவும் கேட்கலாம்.

மற்ற நாடுகளில் செய்தது

அமெரிக்காவில் கடற்படைக்குப் போகும் பெற்றோர், புத்தகம் வாசிப்பதைப் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு 1989இல் தொடங்கியது. 'யுனைட்டட் த்ரூ ரீடிங்' என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் டார்ட்மூர் சிறையில் இருந்து வளர்ந்த 'ஸ்டோரிபுக் டாட்ஸ்' என்ற தொண்டு நிறுவனம், சிறையில் இருக்கும் தகப்பன்மார் வாசிக்கும் கதைகளைப் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புகிறது. கப்பலிலும் சிறையிலும் இருப்பவர்களால் முடிகிறது என்றால், கையில் போன் வைத்திருக்கும் நம்மால் முடியாதா?

எப்படி வாசிப்பது என்பதும் முக்கியம். வைட்ஹர்ஸ்ட் என்ற அறிஞரும் உடன் பணியாற்றியவர்களும் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு தொகுதிப் பெற்றோர். இரண்டு தொகுதியினரும் தங்கள் சிறு பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாசித்தார்கள். ஒரு தொகுதியினர் மட்டும் வாசிப்பின் நடுவே கேள்வி கேட்டு, பிள்ளையைப் பேசவிட்டு, பிள்ளை சொன்னதோடு ஒன்றிரண்டு சொல் சேர்த்துச் சொன்னார்கள். நான்கே வாரத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் முந்தினார்கள். அத்தா செய்ய வேண்டியதும் இதுதான்.

செய்முறை

*1. ஒரே புத்தகம், இரண்டு இடம்.* பிள்ளையின் கையில் இருக்கும் புத்தகம் அத்தாவிடமும் இருக்க வேண்டும். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் உண்டு. 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு நிலைகளாக அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆசிரியரிடம் கேளுங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழிலும் உருதுவிலும் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வகுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பக்கத்தில் நான்கைந்து சொல்லுக்கு மேல் திணறினால், அதைவிட எளிய நூலை எடுங்கள்.

*2. நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.* வாரம் இரண்டு நாள், பத்து நிமிடம் போதும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு 8 மணி என்றால் ரியாத்தில் மாலை ஐந்தரை. அத்தா வேலை முடிந்து வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும் என்றால் வாராந்திர விடுமுறை நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

*3. நேரில் பேச முடியாதவர்கள் பதிவு அனுப்புங்கள்.* அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் அழைத்துப் பேசுவதில் தடை உண்டு. ஆனால் வாய்ஸ் மெசேஜ் போகும். அத்தா இரண்டு பக்கம் வாசித்து அனுப்பட்டும். பிள்ளை அதைக் கேட்டபடி எழுத்தின் மேல் விரல் வைத்துப் பின்தொடரட்டும். மறுநாள் அதே இரண்டு பக்கத்தைப் பிள்ளை வாசித்து அனுப்பட்டும். லாரியில் போகும் அத்தாவுக்கும் இரவு ஷிப்ட் அத்தாவுக்கும் இதுவே வசதி.

*4. கேளுங்கள், திருத்தாதீர்கள்.* தவறாக வாசித்தால் மூன்று எண்ணும் வரை பொறுங்கள். தானாகத் திருத்திக்கொண்டால் பாராட்டுங்கள். இல்லையென்றால் சரியான சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். ஆட்டுக்குட்டி தொலைந்த கதை ஒன்றை வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படிப் போகலாம்:

"குட்டி எங்கம்மா போயிருக்கும்?"
"வயலுக்கு, அத்தா."
"ஆமா, பசிச்சு நெல்லு வயலுக்குப் போயிருக்கும். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"
"படத்துல கால் தடம் இருக்கு."
"அட, நான் பார்க்கலையே! அடுத்த பக்கம் வாசி, கேட்கிறேன்."

இதில் மார்க் இல்லை, திட்டு இல்லை. பிள்ளை இரண்டு வாக்கியம் பேசுகிறது.

சில சந்தேகங்கள்

*எனக்கே சரியாக வாசிக்கத் தெரியாதே?* நீங்கள் வாசிக்க வேண்டாம். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் படத்தைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். "எனக்குச் சொல்லிக்கொடு" என்று அத்தா கேட்டால் பிள்ளைக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.

*வீட்டில் உருது பேசுகிறோம், பள்ளியில் தமிழாயிற்றே?* கதையை முதலில் உருதுவில் சொல்லுங்கள். கதை தெரிந்துவிட்டால் தமிழில் வாசிப்பது பாதி எளிதாகிவிடும்.

*தாய்க்கு இது இன்னொரு சுமை ஆகாதா?* ஆகக் கூடாது. போனை எடுத்துக் கொடுப்பது மட்டும் தாயின் வேலையாக இருக்கட்டும். நேரம் குறிப்பது, புத்தகம் கேட்டு வாங்குவது, விடாமல் நடத்துவது எல்லாம் அத்தாவின் பொறுப்பு.

*அத்தா இல்லாத பிள்ளைகள்?* தகப்பனை இழந்தவர்களும், தகப்பன் தொடர்பில் இல்லாதவர்களும் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மாமாவோ, பெரியத்தாவோ, பாட்டனாரோ, அடுத்த வீட்டுச் சகோதரரோ காது கொடுக்கலாம். யதீமின் தலையை அன்போடு தடவும் கை, அவன் முன் ஒரு புத்தகத்தையும் விரிக்கட்டும்.

குடும்பமாகப் பேசிக்கொள்ள

1. கடந்த வாரம் அத்தாவின் போனில் பிள்ளை எத்தனை நிமிடம் பேசியது? என்ன பேசியது?
2. நம் பிள்ளை திணறாமல் வாசிக்கும் நூல் எந்த நிலையைச் சேர்ந்தது?
3. எந்த இரண்டு நாள், எந்த நேரம் நமக்கு ஒத்துவரும்?
4. நம் தெருவில் கேட்க ஆளில்லாத பிள்ளை யார்? நம்மில் யார் கேட்கப் போகிறோம்?

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஊர் நிர்வாகத்தின் விதிகளைக் கல்லில் எழுதி வைத்த ஊர் நம்முடையது. அந்த ஊரில் எழுத்தைக் கண்டு மிரளும் பிள்ளை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்த வாரமே ஒரு புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். நம் பிள்ளைகளின் கல்வியையும், தூரத்தில் உழைக்கும் அவர்களின் தகப்பன்மார்களையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.