ஊரடங்கில் வந்த பணம்

ஆந்திரத்தில் மதனப்பள்ளி என்று ஓர் ஊர். அங்குள்ள தக்காளிச் சந்தை பெயர் பெற்றது. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயியும் அவர் மச்சினனும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தக்காளி பயிரிடுகிறார்கள். பெரியவருக்கு இரண்டு ஏக்கர் சொந்த நிலம். பட்டா அவர் பெயரில் இருக்கிறது. மச்சினனுக்கு நிலம் இல்லை. அவர் குத்தகைக்கு எடுத்து உழுகிறார்.

2020 மார்ச் 25 அன்று கொரோனா நோய்க்காக நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. லாரி வரவில்லை. வாங்க ஆள் இல்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் காய் விற்கவில்லை. இருவர் வயலிலும் தக்காளி அழுகியது.

மறுநாள் மத்திய அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. 8 கோடியே 70 லட்சம் விவசாயிகளுக்குத் தலா 2000 ரூபாய் ஏப்ரல் முதல் வாரத்தில் கிடைக்கும் என்றது.

பெரியவரின் கணக்கில் பணம் ஏறியது. மச்சினன் தன் பாஸ் புத்தகத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“மாமா, அழுகினது உங்க தக்காளி மட்டுந்தானா?” என்று கேட்டார்.

“நான் என்ன செய்வேன் மாப்பிள்ளே? பட்டா பார்த்துத்தான் தருகிறார்களாம்.”

அவர் சொன்னது சரி. அது பி.எம். கிசான் திட்டப் பணம். திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே பணம். ஆண்டுக்கு 6000 ரூபாய், மூன்று தவணை. ஊரடங்கில் வந்தது புதுப் பணமும் அல்ல. ஏப்ரல் முதல் ஜூலை வரைக்கான தவணையைத்தான் முன்கூட்டிப் போட்டார்கள். ஆண்டுத் தொகை 6000 தான், கூடவில்லை. ஆனால் கையில் காசில்லாத நேரத்தில் வந்தது.

மச்சினன் மனைவிக்கு ஜன் தன் கணக்கு இருந்தது. அப்படிப்பட்ட பெண்களுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 500 ரூபாய் கிடைத்தது. வங்கியில் கூட்டம் சேரக்கூடாதே! அதனால் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் குறித்தார்கள். 0 அல்லது 1 என்றால் ஏப்ரல் 3. 2 அல்லது 3 என்றால் ஏப்ரல் 4. 8 அல்லது 9 என்றால் ஏப்ரல் 9. அந்த அம்மாள் தன் புத்தகத்தைத் தானே விரித்தார். கடைசி எண் 5. “நமக்கு 7-ஆம் தேதி” என்றார். உடனே எடுக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். அது வெறும் புரளி.

குத்தகை விவசாயிக்கு வழியே இல்லையா? ஆந்திர அரசு 2019-இல் ரைது பரோசா திட்டம் கொண்டுவந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோரில் நிலமற்ற குத்தகைதாரருக்கும் அதில் அப்போது ஆண்டுக்கு 13,500 ரூபாய் கிடைத்தது. ஆனால் சாகுபடி உரிமை அட்டை தேவைப்பட்டது. அதற்கு நிலக்காரரின் கையெழுத்து தேவைப்பட்டது. அங்கேதான் பலருக்குக் காரியம் நின்றது.

மச்சினன் நிலக்காரரிடம் போனார்.

“கையெழுத்துப் போட்டால் நிலம் உன் பெயருக்குப் போய்விடுமே” என்றார் அவர்.

“இல்லைங்க. அட்டை பதினோரு மாதத்துக்குத்தான். நிலத்தின் மேல் எனக்கு உரிமை வராது. 2019-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கு. படிக்கட்டுமா?”

அவர் படித்தார். நிலக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வா, பார்க்கலாம்” என்றார்.