தர்ம நிதியத்துக்கும் சட்ட வடிவம் வேண்டும்

நமது ஊர்களில் புலமைப்பரிசில் நிதியம், ஜனாஸா நலன்புரிச் சங்கம், பைத்துஸ் ஸகாத் போன்ற நற்பணிகளை முன்னின்று நடத்துபவர்களில் பலர் வியாபாரிகள். கடைக்கு வியாபாரப் பதிவும் கணக்குப் புத்தகமும் வைத்திருக்கும் ஒருவர், ஊர்ப் பணத்தை மட்டும் தனது சொந்த வங்கிக் கணக்கில் வைத்திருப்பதுண்டு. அவரது நாணயத்தில் குறைவில்லை. ஆனால் வரி விசாரணை என்று வந்தால், அப்பணம் தனது வருமானமல்ல என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். அவர் வபாத்தானால் கணக்கிலுள்ள பணம் அவரது சொத்தாகவே கருதப்படும். அநாதைகளுக்குரிய பணத்துக்காக வாரிசுகளின் வாசலில் நிற்க நேரிடும்.

இலாப நோக்கற்ற நிறுவனம் என்றால் வருமானம் ஈட்டக் கூடாது என்பதல்ல. ஈட்டியதை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்பதே. இது நமக்குப் புதிதல்ல. உமர் (ரழி) அவர்கள் கைபரில் கிடைத்த காணியை வக்பு செய்தபோது, அது விற்கப்படவோ, அன்பளிப்புச் செய்யப்படவோ, வாரிசுரிமையாகவோ கூடாது என்றும், நிர்வகிப்பவர் நியாயமான அளவு உண்ணலாம், செல்வம் சேர்க்கக் கூடாது என்றும் நிபந்தனையிட்டார்கள்.

இலங்கையில் இதற்கான பிரதான வழிகள் நான்கு:

1. பள்ளிவாசல் அல்லது வக்பு சொத்தோடு தொடர்புடையதாயின், 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிவு.

2. காணி, கட்டடத்தை நிரந்தரமாக ஒதுக்குவதாயின், 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதி, தரும நம்பிக்கைப் பொறுப்பு அமைத்தல்.

3. நிவாரணம், சமூக சேவை செய்யும் சங்கமாயின், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு.

4. பெரிய அளவிலான பணியாயின், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. இதற்குப் பங்குகள் இல்லை. 34ஆம் பிரிவின் கீழ் கம்பனிப் பதிவாளரின் அனுமதிப்பத்திரம் பெற்றால், பெயரில் 'லிமிடட்' என்ற சொல்லையும் தவிர்க்கலாம்.

எந்த வழியாயினும் யாப்பு தெளிவாக இருக்க வேண்டும். நோக்கம் என்ன, நிர்வாகத்தை யார் தெரிவு செய்வது, காசோலையில் எந்த இருவர் ஒப்பமிடுவது, கணக்காய்வு எப்போது என்பன எழுதப்பட வேண்டும். நிறுவனம் கலைக்கப்பட்டால் எஞ்சும் சொத்து இதே நோக்கமுள்ள வேறு நிறுவனத்துக்கே சேரும் என்ற வாசகம் மிக முக்கியம்.

அடுத்தது வரி. பதிவுச் சான்றிதழ் கையில் வந்ததும் வரி விலக்கும் வந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. இறைவரித் திணைக்களத்தில் தனியாக வரி இலக்கம் பெற்று, விலக்கைத் தனியாகவே நிலைநாட்ட வேண்டும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, தரும நிறுவனமொன்று தான் நடத்தும் இல்லத்தில் சிறுவர், முதியோர், வலுவிழந்தோரைப் பராமரிக்கச் செலவிடும் தொகைக்கு, ஆணையாளர் நாயகம் திருப்தியுற்றால் விலக்குண்டு. மறுபுறம், அரச சார்பற்ற நிறுவனம் என்ற வரைவிலக்கணத்துக்குள் வந்தால், பெற்ற நன்கொடைகளிலும் மானியங்களிலும் 3 சதவீதத்தின் மீது வருமான வரி உண்டு. 10 இலட்சம் ரூபா கிடைத்தால், வரி கணக்கிடப்படுவது 30,000 ரூபாவுக்கு.

நன்கொடை கொடுக்கும் வியாபாரி கவனிக்க வேண்டியது வேறொன்று. எல்லா ஸதகாவும் வரியைக் குறைக்காது. நோயாளர், வறியோரைப் பராமரிக்கும் நிலையமாக அமைந்து, அமைச்சரின் அங்கீகாரமும் பெற்ற நிறுவனத்துக்குப் பணமாகக் கொடுப்பதையே இச்சட்டம் கழிக்க அனுமதிக்கிறது. தனிநபருக்கு வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபா, இதில் குறைந்ததே எல்லை. கம்பனிக்கு ஐந்திலொரு பங்கு அல்லது 500,000 ரூபா, இதிலும் குறைந்ததே. எனவே 2 இலட்சம் கொடுத்த தனிநபர் கழிக்கக்கூடியது அதிகபட்சம் 75,000 ரூபாவே. ஊர்ப் புலமைப்பரிசில் நிதியத்துக்குக் கொடுத்ததற்கு இக்கழிவு கிடையாது. அதன் கூலி அல்லாஹ்விடம் உண்டு. வரிப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

ஆகவே முதலில் தனி வங்கிக் கணக்கு, இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், கூட்ட அறிக்கைப் புத்தகம் ஆகிய மூன்றையும் ஆரம்பியுங்கள். பின்னர் ஒரு சட்டத்தரணியையும் கணக்காளரையும் அணுகிப் பொருத்தமான வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கும்படி ஏவிய மார்க்கம் நம்முடையது. ஊராரின் அமானிதத்தை எழுதாமல் வைத்திருப்பது எப்படித் தகும்?